இருட்டில் கேட்ட வானொலி

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வானொலி நாடகங்களைப் பற்றிப் பேசும்போது 'லைட்ஸ் அவுட்' என்ற அமெரிக்கத் திகில் தொடரையும் ஒரு வரியாவது சொல்லுங்கள். 1934 ஜனவரியில் சிகாகோவில், எல்லோரும் தூங்கப்போகிற நள்ளிரவு நேரத்தில், எழுத்தாளர் வில்லிஸ் கூப்பர் ஆரம்பித்தது. முதலில் கால் மணி நேரம்தான், அப்புறம் அரை மணியானது. கூப்பரின் வேலைச்சுமையைக் குறைக்க 1935 தொடக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், நேயர்கள் விடவில்லை, சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டது.

என்னைக் கட்டிப்போட்டது அந்த ஒலிகள்தான். எலும்பு முறிய வேண்டுமா, மைக் பக்கத்தில் விலா எலும்புக் கறியை ஒடிப்பார்கள். மின்சார நாற்காலியில் மரண தண்டனை என்றால் கொழுப்புள்ள பன்றி இறைச்சியைச் சூடான சட்டியில் போட்டு அது சடசடவென்று பொரிகிற சத்தம், தலை துண்டாக ஒரு முட்டைக்கோஸை வெட்டுகிற சத்தம், அவ்வளவுதான். கண்ணுக்கு எதுவும் தெரியாததால் மீதியை நம் மனசே வரைந்துகொள்ளும், அது எந்தப் படத்தையும்விடக் கொடூரமாக இருக்கும்!

1936இல் கூப்பர் ஹாலிவுட் போனதும் ஆர்ச் ஓபோலர் எழுத வந்தார். ஒரு கோழியின் இதயம் வளர்ந்து வளர்ந்து உலகையே விழுங்குகிற கதையை 1937இல் எழுதியவர் அவர்தான். நியாயமான புகழ்தான், ஆனால் தொடரை உருவாக்கிய கூப்பரின் பெயர் அதில் மங்கிப்போனது எனக்கு வருத்தம். அவர் காலத்து ஒலிப்பதிவுகளும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மிஞ்சியிருக்கும் பதிவுகளையாவது ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்