பாவு பிணைக்கிற வேலை

கோபி
ஐப்பசி 3

அன்புள்ள ராமசாமி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நடவுக்கு ஆள் தேடி அலைந்ததில் பேனாவைத் தொட முடியவில்லை. ஒருவழியாக நட்டு முடிந்தது. இனி உன் விஷயம்.

உன் பேரனுக்கு வந்திருக்கும் ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய் பற்றிய பரிசோதனை அறிக்கையை மூன்று முறை படித்தேன். 2025-இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்கு மரபணு என்ற நீண்ட வாசகத்தில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்திக் காப்பாற்றினார்களே, அதையே இவனுக்கும் செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் இவனுடைய கோளாறு வேறு மாதிரி. ரத்தம் உறையத் தேவைப்படும் எட்டாம் காரணியின் மரபணு சுமார் 1,86,000 எழுத்து நீளம். இவனுக்கு அதில் பெரும்பகுதி தலைகீழாகத் திரும்பிவிட்டது. மொத்தம் 26 துண்டுகளில் முதல் 22 ஒரு பக்கம், கடைசி நான்கு வேறொரு பக்கம் கிடக்கின்றன. கடுமையான ஹீமோபிலியா உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இதே கதைதான். இதில் எந்த எழுத்தைப் போய்த் திருத்துவது? நல்ல பிரதி ஒன்றைப் புதிதாக உள்ளே வைத்தால்தான் உண்டு. அவசியமான வாசகத்தை மட்டும் எடுத்தாலும் சுமார் 7,000 எழுத்து. நடுவில் இல்லாமலே சமாளிக்கக்கூடிய பகுதியை நீக்கினால் 4,400 வரை சுருக்கலாம்.

அங்கேதான் சிக்கல். 2020-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த கிரிஸ்பர், மரபணுவை வெட்டும் ஒரு நல்ல கத்தரி. சொன்ன இடத்தில் வெட்டும். வெட்டிய பிறகு நடப்பது அதன் கையில் இல்லை; செல் தன் இஷ்டத்துக்கு ஒட்டுகிறது. உங்கள் தறியில் இழை அறுந்தால் அப்பா என்ன செய்வார்? இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டுவார். செல்லும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது. மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒழுங்காக நெய்யும் இன்னொரு வழியும் அதற்குத் தெரியும். ஆனால் இரண்டாகப் பிரியத் தயாராகும் செல்கள்தான் அந்த வழியில் போகும். எட்டாம் காரணி உருவாக வேண்டிய கல்லீரலின் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் சும்மா இருப்பவை. போதாததற்கு, நாம் கொடுக்கும் துண்டு நீள நீள அது உள்ளே சேரும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகிறது.

நீளமான துண்டைச் சேர்ப்பது பாவு பிணைப்பதைப் போன்ற வேலை. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்க உங்கள் திண்ணையில் ஓர் அம்மா வந்து உட்காருவாரே, அவருடைய விரல் வேண்டும், கத்தரி போதாது. அந்த விரலை இப்போது நுண்ணுயிர்களிடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடம் பிஎக்ஸ்பி1 என்றொரு நொதி உண்டு. தனக்குத் தெரிந்த சின்ன அடையாளத்தைக் கண்டால், செல்லின் தயவை எதிர்பாராமல் தானே வெட்டித் தானே பிணைத்துவிடும். மனிதச் செல்லில் அந்த அடையாளம் இல்லை. அதனால் முதலில் பிரைம் எடிட்டிங் முறையில் சில பத்து எழுத்துகளை வேண்டிய இடத்தில் எழுதிவிட்டு, பிறகு இந்த நொதியை அழைக்கிறார்கள். 2021-இல் இப்படி 5,000 எழுத்துக்கு மேல் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு வேறொரு குழு 36,000 வரை போனது. 2024-இல் அந்த நொதியையே ஆய்வகத்தில் பல தலைமுறை ஓட்டி இன்னும் கைதேர்ந்ததாக்கிவிட்டார்கள்.

இன்னொரு கூட்டம் தாவும் மரபணுக்களைப் பிடித்திருக்கிறது. பார்பரா மெக்லின்டாக் என்ற விஞ்ஞானி மக்காச்சோளக் கதிரில் கண்டாரே, அந்தச் சாதி. (உன் தம்பி பல்லடத்தில் மக்காச்சோளம் போட்டு விலை கிடைக்காமல் புலம்புகிறான், அந்த அம்மாளுக்கு அதில் நோபல் கிடைத்தது.) கிரிஸ்பர் வழிகாட்ட, தாவும் மரபணு போய் உட்காரும் அமைப்பை 2019-இல் பாக்டீரியாவில் காட்டினார்கள். மனிதச் செல்லில் அது ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. 2025-இல் அதையும் பழக்கிப் பழக்கி நூற்றுக்கணக்கான மடங்கு மேம்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் என் பந்தயம் பிஎக்ஸ்பி1 மேல்தான்.

இவை பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் நடந்தவை என்பதை மறந்துவிடாதே. இத்தனை சாமானையும் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்க வண்டி வேண்டும். வழக்கமாக வண்டியாகப் பயன்படும் ஏஏவி என்ற வைரஸில் 4,700 எழுத்துக்கு மேல் ஏறாது.

பக்கத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த மூலசெல்லை எடுத்து, லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸ் வண்டி மூலம் எட்டாம் காரணி மரபணுவைச் சேர்த்துத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். 2024 இறுதியில் வெளியிட்ட முடிவின்படி அதன்பின் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. அந்த வைரஸ் மரபணுவை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. இருபது வருடம் முன்பு பிரான்சில் வேறொரு நோய்க்கு வேறொரு வகை வைரஸைப் பயன்படுத்தியபோது, அது தவறான இடத்தில் உட்கார்ந்து சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இடம் பார்த்து வைக்க இவ்வளவு பாடுபடுவது அதனால்தான். வேலூரில் சிகிச்சை பெற்றவர்கள் பெரியவர்கள். பையனுக்கு ஒன்பது வயது. பொறு.

மூன்று லட்சம் கட்டினால் 'ஜீன் ஊசி' போடுவதாக ஒருவர் சொன்னாராமே. ஒரு ரூபாய் கொடுக்காதே. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் காரணி ஊசியை ஒரு வேளைகூடத் தவறவிடாதே.

இன்னொன்று, உனக்கு மட்டும். உன் வீட்டுக்காரி வழியாக வந்த நோய் என்று சம்பந்தி வீட்டில் பேசியதாகவும், அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். இந்தத் தலைகீழ் மாற்றம் பெரும்பாலும் ஆணின் விந்தணு உருவாகும்போது நேர்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அப்படியானால் அது அம்மாவைப் பெற்ற அப்பிச்சியான உன்னிடமிருந்தே மகளுக்குப் போயிருக்கலாம். உனக்கு ஒரு அறிகுறியும் இருந்திருக்காது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு யாரையாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால், அது நீயாக இரு. உனக்குத் தோல் தடிமன்.

தீபாவளிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வா. ஓட்டம், கபடி எல்லாம் வேண்டாம் என்று வைத்திருக்கிறாய். நீச்சல் இவர்களுக்கு நல்லது, மூட்டைத் தாங்கும் தசை வலுவாகும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கிணற்றில் தண்ணீர் மேலே இருக்கிறது, லாரி டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். படி வழியாகத்தான் இறங்க வேண்டும். மேலேயிருந்து குதிக்க விடமாட்டேன், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
பழனிசாமி