வேலை போகும் என்ற மிரட்டல்

ஆசிரியருக்கு,

"நாளைக்கே ஆளை மாத்திருவேன்" என்று மிரட்டினால்தான் வேலை நடக்கும் என்ற நினைப்பு, எங்கள் காரைக்குடி வட்டாரத்து முதலாளிகள் பலரிடம் இருக்கிறது. நடப்பது வேறு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவார்கள். கலவையில் கை பிசகியது செய்தவருக்கு அப்போதே தெரியும். சொன்னால் சீட்டுக் கிழியும் என்றால் வாய் திறப்பாரா? நல்ல கல்லோடு அதையும் அடுக்கிவிடுவார். குட்டு வெளிப்படுவது வாங்கியவர் வீட்டுக் கூடத்தில்!

தர நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் நிர்வாகிகளுக்கு வகுத்த 14 நெறிகளில் 8-ஆவது, பயத்தை விரட்டு என்பதே. (ஜப்பானில் 1951 முதல் அவர் பெயரில் பரிசே கொடுக்கிறார்கள்.) பயந்தவர் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார், உண்மைதான், ஆனால் முதலாளி கண்ணில் படுகிற வேலை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்று 1953-லேயே தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எத்தனை பட்டறைகளில் இது தெரியும்? தொழிலாளர் துறை இங்கே ஒரு முகாம் போட்டு, இரு தரப்பையும் உட்காரவைத்துச் சொல்லட்டும்.

- வாசகர், பள்ளத்தூர்