இந்த வார வாசிப்பு: யோவான் 18, 21

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மன்னிப்பு என்றதும் நினைவுக்கு வரும், லூக்கா 15-இல் தகப்பனை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய மகன் கதை நம்மில் பலருக்கு மனப்பாடம். அதனால் இம்முறை இயேசுவின் சீடரான பேதுருவை எடுத்துக்கொள்வோம். இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த அந்த இரவில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்த இடத்திலும் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் வருவதே இந்த இரண்டு இடங்களில்தான்! அந்தப் புகை வாசனை பேதுருவுக்கு எதையெல்லாம் நினைவூட்டியிருக்கும்?

ஆனால் முதலில் சாப்பாடு. அப்புறம்தான் பேச்சு. "ஏன் மறுதலித்தாய்?" என்ற கேள்வியே இல்லை. "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் (21:17). மன்னிப்பு வலிக்காது என்று நினைப்பவர்கள் அந்த வசனத்தில் கொஞ்சம் நின்று வாருங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஆடுகளை மேய்க்கும் பொறுப்பும் அவர் கைக்கே வருகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

பகிர்பவர்கள் குரல்பதிவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். யாராவது தங்கள் தவற்றைச் சொன்னால், தயவுசெய்து புத்திமதி வேண்டாம்.