அறிக்கை எழுதச் சொல்கிறார்கள்

அன்புள்ள மாணிக்கம்,

நலம், நலமறிய ஆவல். இத்தனை மாத மௌனத்துக்கு நீ என்னென்ன சொல்லித் திட்டுவாய் என்பது எனக்கு மனப்பாடம் என்பதால், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவனைப் பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதைப் பற்றி அவனுடைய தாய் முகநூலில் எழுதிவிட்டார். அதில் கோபம் இருந்ததே தவிரப் பொய் இல்லை. உடனே கூடிய நிர்வாகம், நடந்தது என்ன என்று விசாரிப்பதற்கு முன்பே, அந்தப் பதிவை யார் யார் பகிர்ந்தார்கள் என்று விசாரித்தது. அடுத்ததாக, பள்ளியைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எதுவும் எழுத மாட்டோம் என்று பெற்றோர் அனைவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவம் ஒன்றைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சிரிக்காதே.

அந்தத் தாய் அதற்கு முன்பே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார் என்பதும், அதற்கு ஒரு வரிப் பதில்கூடப் போகவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. உள்ளே தட்டிய கதவு திறக்காதவர்தான் தெருவில் நின்று கத்துகிறார். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது, பள்ளியின் பெயர் என்னாவது என்று கேட்டார்கள்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் நடந்ததை நீயும் படித்திருப்பாய். மகளின் தொடக்கப் பள்ளி புதிய தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கேள்வி கேட்டு மின்னஞ்சல்களும், வாட்ஸாப் குழுவில் விமர்சனமும் எழுதிய தம்பதியர் மீது பள்ளி காவல்துறையை நாட, 2025 ஜனவரியில் ஆறு காவலர்கள் வீட்டுக்கே வந்து அவர்களைக் கைது செய்தார்கள். ஐந்து வார விசாரணைக்குப் பின் மேல் நடவடிக்கை ஏதுமில்லை என்றார்கள். பின்னர் அந்தக் கைது சட்டப்படி செல்லாது என்று காவல்துறையே ஒப்புக்கொண்டு 20,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. பெற்றோர் குழுவுக்குள் கிடந்த முணுமுணுப்பை உலகச் செய்தியாக்கியது யார் என்று நினைக்கிறாய்?

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இழப்பீடோ வழக்கோ அல்ல, அந்தச் சிறுவன்தான். தாய் எழுதிய நாளிலிருந்து அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை; அவன் கையை உயர்த்தினால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். இதை எந்தப் புகார்ப் படிவத்தில் எழுத முடியும்? பிள்ளை பள்ளியின் கையில் இருக்கும்போது பெற்றோர் பெயர் சொல்லி எழுதத் தயங்குவதும், பொய்ப் பெயரில் எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துவதும் இந்தப் பயத்தில்தான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழுவில் பெயர் சொல்லித் தூற்றப்படும் ஆசிரியரால் பதிலுக்கு மாணவனின் கதையை எடுத்துப் பேச முடியாது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டமே, மாணவரின் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையல்ல. மிரட்டலும் ஆபாசமும் வந்தால் காவல் நிலையம் போகட்டும், நானே உடன் போவேன். ஆனால் கசப்பான உண்மையையும் மிரட்டலையும் ஒரே படிவத்தில் தடை செய்யச் சொன்னால் என் பேனா ஓட மறுக்கிறது.

ஆகவே நான் வேறொன்று எழுதியிருக்கிறேன். பொதுவெளியில் 'பார்த்தோம், பேசுகிறோம்' என்ற இரண்டு வரிப் பதில். அன்றே பெற்றோருக்குப் பொறுப்பானவரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. விசாரணையில் சம்பந்தப்பட்ட ஆசிரியரின் தரப்பு. தவறு நடந்திருந்தால் திருத்தியது என்ன என்பதை மாணவன் பெயரில்லாமல் அறிவிப்பது. உறுதிமொழி உண்டு, ஆனால் அதில் கையெழுத்திட வேண்டியவர்கள் நாங்கள்: பெற்றோரின் புகாருக்காகப் பிள்ளையிடம் முகம் மாற்ற மாட்டோம் என்று. தாளாளர் இதைப் படித்துவிட்டு என்னை என்ன செய்வார் என்று செண்பகத்திடம் கேட்டேன். 'நூலகப் பொறுப்பு' என்றாள்.

திங்கட்கிழமை கூட்டம். உங்கள் பள்ளியில் புகார் வந்தால் யார், எத்தனை நாளில் பதில் சொல்கிறார்கள் என்பதை அதற்குள் எழுதி அனுப்பு. என் வாதத்துக்குத் துணை வேண்டும். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்