கிதாருக்கும் பெட்டிக்கும் நடுவில்

பெரம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூத்தவள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். சின்னப் பேரன் என் ஸ்ட்ராட் கிதாரில் இரண்டு கம்பியை அறுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினான். வீடு இன்றைக்குத்தான் அமைதியானது. மேரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நம் பேஸ் கிதார் ஜோசப் போய்விட்டான் என்று யாரோ சொல்லப்போக நான் பதறிவிட்டேன். விசாரித்தால், பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோயிருக்கிறான்! அவன் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், நீயும் ஒரு வார்த்தை பேசு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழைய கிதார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவன் நீ. இப்போது அந்த ஆம்பின் வேலையைச் செய்கிற டிஜிட்டல் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போத்தனூரிலிருந்து பஸ்ஸிலேயே கச்சேரிக்குப் போகிறாய் என்று படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும்தான். ஆனால் கடைக்காரர் மூன்று மீட்டர் கேபிளுக்கு 8,500 ரூபாய் கேட்டார், தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு, அம்புக்குறி போட்ட ஒயர், ‘டிஜிட்டலுக்கென்றே செய்தது’ என்றெல்லாம் சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே, அதை வாங்கிவிடவில்லை என்று நம்புகிறேன். வாங்கியிருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடு, மனசு கஷ்டப்படும்.

உன் பெட்டி டிஜிட்டல்தான். ஆனால் கிதாரிலிருந்து பெட்டிவரை போவது பழைய அனலாக் சங்கதிதான். பெட்டிக்குள் போன பிறகுதான் அது எண்ணாக மாறுகிறது. உன் மொத்த செட்டிலும் ஒயர் சத்தத்தை மாற்றுகிற இடம் அந்த ஒன்றுதான். அதுவும் விலையால் மாறுவதில்லை, நீளத்தால் மாறுகிறது.

ஏன் என்றால், கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய செம்பு வலையும் சேர்ந்து தானாகவே மின்சாரத்தைத் தேக்குகிற ஒரு சின்னக் கண்டென்சர் ஆகிவிடுகின்றன. சாதாரண கிதார் கேபிளில் அந்தத் தேக்கத்தின் அளவு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட், சிலதில் இன்னும் கூடுதல். கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் என்பதோ ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய காயில். காயிலும் கண்டென்சரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சத்தம் தூக்கலாக வரும், அதற்கு மேலே உள்ளதெல்லாம் விழுந்துவிடும். ஸ்ட்ராட் மாதிரி சிங்கிள் காயில் பிக்கப்பின் காயில் அளவை இரண்டரை ஹென்றி என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். மூன்று மீட்டர் கேபிளில் அந்தத் தூக்கல் 5, 6 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வருகிறது. பத்து மீட்டரில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. கம்பியைச் சுண்டும்போது வரும் அந்தக் ‘கிணுங்’ இருக்கிறதே, அதுதான் முதலில் காணாமல் போகும்.

கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு இரவு வீட்டிலும் செய்து பார்த்தேன். மூன்று மீட்டரில் வாசித்தேன், பிறகு அதே கம்பெனியின் பத்து மீட்டர் ஒயரில் வாசித்தேன். கிதார்மேல் கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. மேரி சமையலறையிலிருந்து, ‘எதை மாத்துனீங்க?’ என்று கேட்டாள். அவள் காது உன் காதைவிடக் கூர்மை, தெரியும்தானே. அடுத்து அந்தப் பத்து மீட்டர் ஒயரைப் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை, மேரியும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் வெளியீடு பலமானது, இந்தச் சின்னக் கண்டென்சரெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. உன் இன்னொரு கிதார், அந்த ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டது, அதற்கும் இதே கதைதான். உள்ளேயே சத்தத்தைப் பலப்படுத்துகிற பிரீஆம்ப் இருப்பதால் நீளம் அவ்வளவாகப் பாதிக்காது.

நீளமான ஒயர் கெடுதல் என்றும் நினைத்துவிடாதே. கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சுருள் ஒயரில் வாசித்தவர். சுருளை நீட்டினால் எத்தனை மீட்டர் வரும் என்று பார், அந்த மழுங்கலும் அவர் சத்தத்தில் ஒரு பங்கு. வயர்லெஸ் வாங்கியவர்கள் சிலர் சத்தம் ரொம்பக் கூர்மையாகிவிட்டது என்று புலம்பியதால், சில கம்பெனிகள் வயர்லெஸ்ஸிலேயே ‘கேபிள் மழுங்கல்’ என்று ஒரு செட்டிங் வைத்தன. ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒயரின் குறையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

ஆகவே கிதாருக்கு மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் போதும். உட்கார்ந்து வாசிக்கிற உனக்கு மூன்றே தாராளம். நெருக்கமாகப் பின்னிய செம்பு வலை இருக்கிறதா என்று பார். வெறும் அலுமினியத் தாள் சுற்றியது வேண்டாம். அது சுவரோடு அசையாமல் போகிற ஒயருக்குச் சரி, மேடையில் மடித்து மடித்து உள்ளே கிழிந்துவிடும். வலைக்கு அடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் படலம் இருந்தால் நல்லது. ஒயரை யாராவது மிதித்தால் வரும் ‘டப் டப்’ அதனால் குறையும். தங்க முலாம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெட்டிக்குப் பின்னால் வருவதற்கு விலையைப் பார்க்காதே, வகையைப் பார். மிக்ஸருக்குப் போவதற்குக் கேனான் கேபிள், மைக்கில் மாட்டுகிற மூன்று பின் ஒயர். அதற்குள் இரண்டு கம்பிகள் முறுக்கியிருக்கும். ஒன்றில் சத்தம் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் போகும். வழியில் லைட்காரர் ஒயரிலிருந்து இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி புகும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், உன் கிதார் இரண்டு மடங்காக நிற்கும். முப்பது மீட்டர் போனாலும் கவலையில்லை. சாதாரண மைக் கேபிளே போதும். மிக்ஸர்காரரிடம் அந்தச் சேனலுக்கு மைக்குக்காக ஒயர் வழியே அனுப்புகிற 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைக்கச் சொல்லிவிடு. எல்லாப் பெட்டியும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

காலால் அழுத்திச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற உன் எக்ஸ்பிரஷன் பெடல் வேலை செய்யவில்லை, ஒரே இடத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, நீ மோனோ பி-38 ஒயரை, அதாவது சாதாரண கால்-அங்குலக் கிதார் பின் ஒயரைச் சொருகியிருப்பாய். அதற்கு ஸ்டீரியோ பி-38 வேண்டும், பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். அதை மாற்றியும் சரிவரவில்லை என்றால் பெடல் வேறு கம்பெனியாக இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி டிப்பும் (பின்னின் நுனி) ரிங்கும் (நடு வளையம்) இடம் மாறியிருக்கும். அப்புறம், பழைய ஆம்பை விற்கும்போது ஆம்பின் தலைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் நடுவில் போகிற தடித்த ஒயரையும் சேர்த்துக் கொடுத்துவிடு. பார்க்க அதே பின்தான். ஆனால் அது வலையில்லாத ஸ்பீக்கர் ஒயர். கிதாரில் போட்டால் ஊரில் உள்ள இரைச்சலெல்லாம் வரும். கிதார் ஒயரை அங்கே போட்டாலோ ஒயர் சூடாகி ஆம்புக்கே ஆபத்து.

இரைச்சல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. நீ கோயம்புத்தூர் போன பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தோம். ஆம்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று விடாமல் ஒரு இரைச்சல். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ஹம் உனக்குத் தெரியும். நான் பெரிய மெக்கானிக் மாதிரி மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டேன். இரைச்சல் போயே போய்விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். முதல் பாட்டில் கோரஸ் பாட வாயை மைக்கிடம் கொண்டுபோனேன், விரல்கள் கம்பிமேல். உதட்டில் யாரோ சூட்டுக்கோல் வைத்ததுபோல ஒரு அடி. கிதார் கம்பிகள் ஆம்பின் உடம்போடு சேர்ந்தவை, ஆம்புக்கு எர்த் இல்லை, மைக்குக்கு இருக்கிறது. நடுவில் என் உடம்பு. இடைவேளையில் டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன், எரிந்தது. அன்றைக்குத் தப்பித்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

எந்த இரைச்சலுக்காகவும் எர்த் பின்னைத் தொடாதே. உன் பெட்டியின் கேனான் வெளியீட்டுப் பக்கத்தில் ‘கிரவுண்டு லிஃப்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது சத்தம் போகும் ஒயரின் எர்த்தை மட்டும்தான் விலக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. அதை அழுத்திப் பார். பொத்தான் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (கிதாரை மிக்ஸரோடு இணைக்கிற சின்னப் பெட்டி) ஒன்று நடுவில் போடு. பெட்டியும் மிக்ஸரும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து கரண்ட் எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மேடை ஏறியதும் முதல் வேலையாக டெஸ்டரை எடு, டியூனர் அப்புறம்.

லேப்டாப்பில் பதிவு செய்யும்போது ‘கிர்ர்’ என்கிறது என்றாயே, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பார். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர்தான், எந்த விலையுயர்ந்த யு.எஸ்.பி. ஒயரும் அதைத் தீர்க்காது. யு.எஸ்.பி. ஒயரை ஐந்து மீட்டருக்குமேல் நீட்டாதே, இரண்டு மீட்டரே நல்லது. எண்ணாக மாறிய சத்தத்துக்கு ‘கொஞ்சம் கனிவான’ ஒயர், ‘கொஞ்சம் வறண்ட’ ஒயர் என்றெல்லாம் கிடையாது. ஒழுங்காகப் போய்ச் சேரும், இல்லையென்றால் டிக் டிக்கென்று வெட்டும். பெட்டியின் பின்னால் சத்தத்தை எண்ணாகவே வெளியே அனுப்புகிற எஸ்.பி.டி.ஐ.எஃப். ஓட்டை இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டாய். அதற்கு 75 ஓம் கோஆக்சியல் ஒயர். டி.வி.டி. பிளேயரோடு வந்த சிவப்பு-வெள்ளை ஒயர் ஒரு அடி இரண்டடிக்கு வேலை செய்தாலும் செய்யும், நம்பாதே. அதில் வெட்டு வந்தால் முதலில் ஒயரைத் திட்டாமல் செட்டிங்கைப் பார். அனுப்புகிற பெட்டியும் வாங்குகிற பெட்டியும் ஒரே சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் சத்தத்தை அளப்பதாக இருக்க வேண்டும், ஒன்றுதான் தாளம் போட வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டு மிருதங்கக்காரர்கள் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் போனால் என்ன ஆகும்!

உண்மையில் என் அனுபவத்தில் கேபிள் சாவது நடுவில் இல்லை, பின்னுக்குள் பற்றவைத்த இடத்தில்தான். வார்ப்பு பிளாஸ்டிக்கில் அடைத்த பின் என்றால் செத்ததும் தூக்கிப்போட வேண்டியதுதான். திருகிக் கழற்றுகிற உலோகப் பின் என்றால் பத்து நிமிஷத்தில் வெட்டிப் பற்றவைத்துவிடலாம். கோச் ஃபேக்டரியில் வயரிங் பார்த்த கை இது, இன்னும் நடுங்கவில்லை. அந்தக் கால்-அங்குலப் பின் எங்கிருந்து வந்தது தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் போர்டில் குத்திக் குத்தி லைன் கொடுத்தார்களே, அதே பின். உன் புத்தம்புதுப் பெட்டிக்கும் வாசல் அதுதான்.

போன மாதம் ரிச்சி தெருவில் நல்ல வலை போட்ட ஒயர் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். நியூட்ரிக் கம்பெனிப் பின்னும் ஆறு இருக்கிறது. உனக்குக் கிதார் ஒயர் இரண்டு, பெடலுக்கு ஸ்டீரியோ ஒன்று, நானே செய்து அனுப்புகிறேன். எல்லாம் சேர்த்தும் உன் கடைக்காரர் கேட்டதில் கால்வாசிகூட ஆகாது. காசு அனுப்பாதே. பதிலுக்கு அந்தப் பழைய ஒத்திகை கேசட்டைத் தேடி எடு. பரணில்தான் இருக்கும் என்று நீதான் சொன்னாய்.

நாற்காலியிலிருந்து பெட்டிவரை தரையில் அளக்காதே. இடுப்பிலிருந்து ஒயர் தொங்கித் தரைக்கு வந்து பெட்டிக்குப் போகிற மாதிரி ஒரு கயிற்றைப் போட்டு அளந்து எழுது. பெடல் இடது காலுக்கா வலது காலுக்கா என்பதையும் எழுது. அடுத்த வாரம் மைத்துனன் சேரன் எக்ஸ்பிரஸில் கோயம்புத்தூர் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
டேவிட்