விடியற்காலை ஐந்தரைக்கு வாருங்கள்

கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக வந்து கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறீர்கள். கோடைக்கு முன்னால் போடுவது மிகச் சரி. ஆனால் பத்தரை மணிக்கு வருகிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் கோழிகள் வீட்டில் இருப்பதில்லை.

விடிந்து பஞ்சாரக் கூடையைத் திறந்ததும் நாட்டுக்கோழி வெளியே போய்விடும். பத்து மணிக்கு அது வைக்கோல் போரிலோ, பக்கத்துக் கொல்லையிலோ கிளறிக்கொண்டிருக்கும். சென்ற முறை என்னிடம் பதினேழு கோழிகள். ஓடிப் பிடித்துக் கொண்டுவர முடிந்தது மூன்றுதான். ஏப்ரலில் சீக்கு வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, சிலதுக்குக் கழுத்தே திருகிக்கொண்டது. சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்து ஊட்டினேன். இது வைரஸ் நோய், வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. வாத்து முட்டை வைத்திருந்த அடைக்கோழியும் செத்துப்போனது. வாத்து பொரிக்க 28 நாள் ஆகும், அன்று 24ஆம் நாள். விடியலில் கையை விட்டுப் பார்த்தபோது ஒன்பது முட்டையும் சில்லிட்டுக் கிடந்தன.

ஊசி போட்ட மூன்றும் பிழைத்தன.

அதனால் கேட்கிறேன். முந்தின நாள் சாயங்காலமே கோயில் மைக்கில் சொல்லிவிடுங்கள். இரவு அடைத்த கோழியை நாங்கள் திறக்காமல் வைத்திருக்கிறோம். நீங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு வந்தால், ஒரு தெருவை வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். மருந்துக்கும் அந்தக் குளிர்ச்சி நல்லது.

அப்புறம் குஞ்சுகள். பிப்ரவரி ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத்தான். அதற்குப் பிறகு பொரிக்கும் குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். மருந்துக் குப்பியில் நூறு குஞ்சுக்கு இருக்கிறது, என் வீட்டில் பன்னிரண்டு குஞ்சு. கலக்கிய மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் யாரும் தனியாக வாங்குவதில்லை. இதற்கு எங்களிடமே ஒரு வழி உண்டு: தெருவில் எல்லோரும் ஒரே நாளில் அடை வைக்கிறோம், குஞ்சுகள் எல்லாம் ஒன்றாக ஏழாம் நாளைத் தொடும். மகளிர் குழுவில் ஒருவருக்குச் சொட்டு விடப் பழக்கிக் கொடுத்தால், ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே வீடு வீடாகப் போவார்.

வாத்துக்கு வாத்து பிளேக் தடுப்பூசி தனி. முகாமில் அதையும் சேர்த்துக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். கழிச்சல் வைரஸைச் சுமக்கும் வாத்து பெரும்பாலும் நோய் காட்டாது. கோழியோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்க விடக்கூடாது என்பதை வரும்போது எல்லோருக்கும் சொல்லுங்கள். செத்த கோழியை வாய்க்காலில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கவும், சீக்குக் கோழியை அவசரமாக விற்காமல் இருக்கவும் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்துத் தவறுகளும் இதில் உண்டு.

பெண்களின் சிறுவாட்டுக் காசு இந்தக் கோழிகள்தான். பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், அவசரத்துக்குப் பஸ் ஏறவும் நாங்கள் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது இவற்றால்தான்.

நேற்று எங்கள் தெருவில் ஐந்து கோழிகளை அடை வைத்திருக்கிறோம். 21 நாளில் பொரிக்கும், அதற்கு மேல் ஏழு நாள். அன்று விடியலில் ஒரு குப்பி மருந்தோடு யாராவது வந்தால் போதும்.

இப்படிக்கு,
கோழியும் வாத்தும் வளர்க்கும் ஒருத்தி