மூடிய டப்பாவில் மடியும் நீலக் குஞ்சுகள்

ஆசிரியருக்கு,

வண்ணச் சிலந்திகளை வளர்ப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், கரீபியக் கடலின் மார்டினிக் தீவில் மரங்களில் வாழும் டாரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்திக்கும் இடம் கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் அதன் இரு படங்களை இரு வேறு இனங்களாகக் குறித்திருந்தது தவறு. பளபளக்கும் நீலக் குஞ்சும், பச்சை நிற முதுகு ஓடும் செந்நிற வயிறும் ஊதா கலந்த கால்களும் கொண்ட பெரிய சிலந்தியும் ஒன்றேதான். தோலுரிக்க உரிக்க நீலம் போய் மற்ற நிறங்கள் ஏறும். நீங்கள் தந்த அறிவியல் பெயரும் பழையது: அவிகுலேரியா வெர்சிகலர் 2017-லேயே கரிபெனா பேரினத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். குஞ்சை வளர்க்கும் டப்பாவை இறுக மூடி, தினமும் தண்ணீர் தெளிக்கச் சொன்னதைத்தான் விட முடியவில்லை. அப்படிச் செய்தால் குஞ்சு தேறுவது அரிது. மார்டினிக் காடு ஈரமானதுதான். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்று கிளைகளை விடாமல் உலர்த்திக்கொண்டிருக்கும். மூடிய டப்பாவில் ஈரம் தேங்கி, பூஞ்சை பிடிக்கும். நேற்றுவரை இரை பிடித்த குஞ்சு மறுநாள் கால்களை உள்ளே மடக்கிக் கிடக்கும்.

எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில், ஒன்றில் மேலும் மற்றதில் கீழுமாகத் துளைகள் போட வேண்டும். மூடியில் மட்டும் போட்டால் காற்று ஓடாது. வளர்ந்ததற்கு 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள பெட்டி, அதில் செங்குத்தாக நிறுத்திய மரப்பட்டை, அடியில் சில செ.மீ. தேங்காய் நார்த்தூள், ஒரு தண்ணீர்க் கிண்ணம் போதும். குஞ்சுக்கு வாரம் ஓரிரு முறை பக்கச் சுவரில் சில துளிகள். அடுத்த முறைக்குள் அவை காய்ந்திருக்க வேண்டும். வலைமேல் தெளிக்கவே கூடாது.

குஞ்சு பெரும்பாலும் மூடியை ஒட்டியே வலைக்குழாய் கட்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் வீடு கிழியும். டப்பாவைத் தலைகீழாக வைத்து, மூடி அடியில் வரும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. குழாயை அடைத்துக்கொண்டு இரையை மறுத்தால் தோலுரிக்கப்போகிறது என்று பொருள். உள்ளே விட்ட சுவர்க்கோழியை உடனே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய புதுத்தோலை அது கடித்துவிடும்.

'சாது, முடி உதறாது' என்றும் எழுதியிருந்தீர்கள். இதன் உறவுச் சிலந்திகள் பெரும்பாலும், பட்டால் அரிக்கும் வயிற்று மயிரை எதிரியின் உடலில் தொட்டுத்தான் ஒட்டும். இது காற்றிலும் உதறும். பெட்டியைத் திறக்கும்போது முகத்தை அருகே கொண்டுபோகக் கூடாது.

இப்படிக்கு,
சிலந்தி ஆர்வலர் ஒருவர்